அடுப்பை அணைச்சுட்டு சண்டை போடாதீங்க: அமெரிக்க காங்கிரஸ் மெம்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செனட்டர்களே, ஹவுஸ் மெம்பர்களே, டெமாக்ரட் ரிபப்ளிகன்னு பாக்காம 535 பேருக்கும் சேர்த்து ஒரு வணக்கம்.

இது என்னடா புரியாத எழுத்துல ஒரு லெட்டர்னு நினைப்பீங்க. உங்கள்ல இல்லினாய்ஸ் ராஜா கிருஷ்ணமூர்த்தி சார் மாதிரி ஒண்ணு ரெண்டு பேர் காதுல வேணா வீட்டுத் தமிழ் விழுந்திருக்கும், மத்தவங்களுக்கு ஆபீஸ்ல யாராவது படிச்சு சொன்னா தான் உண்டு. பரவாயில்ல. இங்கிலீஷ்ல எழுதி ஃபார்ம்ல போட்டா என்ன வரும்னு எங்க எல்லாருக்கும் தெரியும், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஆரம்பிச்சு நான் கேக்காத விஷயத்த பத்தி நாலு பாரா வரும். அதனால இங்க சிட்டிசன்ஷிப் வாங்கி ஓட்டுப் போடற எங்க சனங்க முதல்ல படிக்கட்டும், நியூ ஜெர்சியில, டெக்சாஸ்ல, ஜார்ஜியால, மிச்சிகன்ல எல்லாம் நாங்க கொஞ்சம் பேர் இல்ல, அவங்க டவுன் ஹால் மீட்டிங்ல எழுந்து நின்னு கேட்டா உங்க காதுக்கு தானா வந்துடும்.

விஷயத்துக்கு வரேன். 2025 அக்டோபர் 1ம் தேதி செலவுக்கு பணம் ஒதுக்கற பில்ல பாஸ் பண்ணாம கவர்மென்ட்டுக்கு பூட்டு போட்டீங்க, நவம்பர் 12 ராத்திரி தான் திறந்தீங்க. 43 நாள். அன்னி வரைக்கும் இந்த நாட்டு சரித்திரத்துலயே நீளமான ஷட்டவுன். அதுக்கு முன்னாடி இருந்த ரெக்கார்டும் ஏதோ தாத்தா காலத்துது இல்ல, 2018 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2019 ஜனவரி வரைக்கும் போன 35 நாள். உங்க ரெக்கார்ட நீங்களே உடைச்சுக்கறீங்க.

இதுல எந்தக் கட்சி மேல தப்புன்னு பேச நான் வரல, அந்தச் சண்டைய எங்க வாட்ஸ்அப் குரூப்லயே ஆசை தீர போட்டாச்சு, ரெண்டு பேர் குரூப்ப விட்டே போயிட்டாங்க. நான் கேக்கறது வேற. சண்டை போடுங்க, அதுக்குத் தான் ஓட்டுப் போட்டு அனுப்புறோம், ஆனா அண்ணன் தம்பிக்குள்ள சொத்துத் தகராறுன்னா கூட வீட்டுல அடுப்ப அணைக்கறதில்லையே. வக்கீல் நோட்டீஸ் ஒரு பக்கம் போகும், சோறு ஒரு பக்கம் வேகும். நீங்க ஏன் முதல் வேலையா அடுப்புல தண்ணி ஊத்துறீங்க?

ஊத்தின தண்ணி எங்க போய் விழுந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும். ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்களும் ஏர்போர்ட்ல செக்கிங் பண்ற டிஎஸ்ஏ ஆளுங்களும் சம்பளம் இல்லாம டியூட்டிக்கு வந்தாங்க, வந்து வந்து பாத்து கடைசியில லீவ் போட ஆரம்பிச்சாங்க, ஒருத்தர் ரெண்டு பேர் குறைஞ்சாலே டவர்ல தாங்காது, நவம்பர் முதல் வாரத்துல 40 பெரிய ஏர்போர்ட்ல ஃபிளைட்ட குறைக்கச் சொல்லி விமானப் போக்குவரத்த பாத்துக்கற எஃப்ஏஏ ஆர்டர் போட்டுச்சு. எங்க நியூவார்க்கும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. நாலு கோடிக்கு மேல ஜனங்க நம்பியிருக்கற, சாப்பாட்டுக்கு கவர்மென்ட் குடுக்கற ஃபுட் ஸ்டாம்ப் பணம் நவம்பர் மாசத்துக்கு வருமா வராதா, முழுசா வருமா பாதி வருமான்னு கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல பந்தாட்டம் நடந்துச்சு. எங்க ஏரியால நாங்க சில குடும்பங்க சேர்ந்து மாசா மாசம் ஒரு ஃபுட் பேன்ட்ரிக்கு அரிசி பருப்பு குடுக்கறது வழக்கம், அந்த மாசம் போய் இறக்கி வைக்கும்போது வரிசையில யூனிஃபார்ம் பேன்ட்டோட மேல சாதா ஜாக்கெட் போட்டுக்கிட்டு நின்ன ஒருத்தரப் பாத்தேன். என்ன வேலைன்னு நான் கேக்கல. பேட்ஜ மட்டும் கழட்டி பாக்கெட்ல வச்சிருந்தார், அதோட கயிறு வெளிய தொங்கிட்டு இருந்துச்சு.

இந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க? செனட்டர்களாவது வந்து போயிட்டு இருந்தாங்க, அதே பில்லுக்கு அதே மாதிரி ஓட்டுப் போட்டு அதே மாதிரி தோக்கடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஹவுஸ் செப்டம்பர் 19ம் தேதி ஓட்டுப் போட்டுட்டு ஊருக்குப் போனது தான், நவம்பர் 12 வரைக்கும் ஒரு ஓட்டுக்குக் கூட கூடல. சம்பளம் இல்லாதவன் வேலைக்கு வரணும், சம்பளம் நிக்காதவங்க வர வேண்டாம், இது என்ன கணக்குன்னு எனக்கு இன்னும் புரியல. வருஷத்துக்கு 1,74,000 டாலர், 2009க்கு அப்புறம் ஏத்தலைன்னு உங்களுக்கு ஒரு குறை இருக்கு, அது நியாயமான குறை தான்னு கூட சொல்வேன், வாஷிங்டன் வாடகைக்கும் ஊர் வீட்டுக்கும் அது பெரிய காசு இல்ல. ஆனா ஷட்டவுன்ல அது நிக்கறதும் இல்ல.

கடைசியில நவம்பர்ல பாஸ் பண்ணின பில்ல எடுத்துப் பாருங்க. வருஷம் பூரா செலவுக்கு பணம் ஒதுக்கினது மூணே மூணு பிரிவுக்கு. விவசாயம் ஒண்ணு, ராணுவக் கட்டடமும் முன்னாள் படைவீரர் விவகாரமும் ஒண்ணு, மூணாவது காங்கிரஸோட சொந்த செலவு! மத்த எல்லாருக்கும் ஜனவரி 30 வரைக்கும் தான். பந்தியில கடைசியா வந்தவங்க முதல் இலையில உட்கார்ந்த கதை. அதே பில்லுக்குள்ள செனட்டரோட போன் ரெக்கார்ட கவர்மென்ட் சொல்லாம எடுத்தா அவங்க குறைஞ்சது 5 லட்சம் டாலர் கேட்டு கேஸ் போடலாம்னு ஒரு வரிய யாரோ நுழைச்சு விட்டாங்க, அத ரத்து பண்ணணும்னு ஹவுஸ்ல ஓட்டுக்கு விட்டப்போ ஒரே வாரத்துல 426க்கு 0. ஒருத்தர் கூட எதிர்ப்பு இல்ல. ஒத்துமை வராது வராதுன்னு சொல்றீங்களே, செனட்டருக்கு காசு போகுதுன்னா ஹவுஸ்ல எப்படி வந்துச்சு பாருங்க.

எங்க ஆளுங்க நிறைய பேர் ஷட்டவுன்ங்கறது ஏதோ ஜார்ஜ் வாஷிங்டன் காலத்துல இருந்து அரசியல் சாசனத்துல எழுதி வச்சிருக்குன்னு நினைச்சுட்டு இருக்காங்க, அதனால இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். ஒதுக்காத பணத்த அதிகாரிங்க செலவு பண்ணக் கூடாதுன்னு ஒரு 19ம் நூற்றாண்டு சட்டம் இருக்கு. சரி, நல்ல சட்டம். ஆனா 1970கள் முழுக்க பட்ஜெட் பில் லேட்டாச்சு, பல தடவை தேதி தாண்டிப் போச்சு, ஆபீஸுங்க பாட்டுக்கு தொறந்து தான் இருந்துச்சு, எப்படியும் காங்கிரஸ் பணம் குடுத்துடும்னு செலவ கொஞ்சம் கட்டுப்படுத்திக்கிட்டு வேலைய பாத்தாங்க. 1980 ஏப்ரல்ல அப்போ அட்டர்னி ஜெனரலா இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி தான் ஒரு கருத்து எழுதினார், பணம் ஒதுக்கலைன்னா ஆபீஸ பூட்டித் தான் ஆகணும்னு, அடுத்த வருஷம் இன்னொரு கருத்துல உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு குடுக்கற வேலை மட்டும் நடக்கலாம்னு விலக்கு குடுத்தார். அவ்வளவு தான். சட்டத்துக்கு ஒரு வக்கீல் குடுத்த விளக்கம், அதுவும் கார்ட்டர் காலத்து விளக்கம், அதுல இருந்து பொறந்தது தான் இந்த ஷட்டவுன். சாமி குடுத்த வரம் இல்ல, மாத்த முடியாத விதியும் இல்ல. நீங்க நினைச்சா ஒரு சட்டத்துல தீர்ந்து போற விஷயம்.

ஆனா ஏன் தீர்க்க மாட்டேங்கறீங்கன்னா, ஒவ்வொருத்தரும் அடுத்த தடவை இந்த ஆயுதம் நம்ம கையில இருக்கும்னு கணக்கு போடறீங்க. சரி, அந்தக் கணக்கையே பாப்போமா? 1995-96ல கிங்ரிச் தலைமையில ஹவுஸ் ரிபப்ளிகன்கள் கிளின்டன மடக்கப் பாத்தாங்க, 21 நாள் வரைக்கும் போச்சு, அடுத்த எலெக்ஷன்ல கிளின்டன் தான் ஜெயிச்சார். 2013ல ஒபாமாவோட ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டம், அந்த ஒபாமாகேர நிறுத்தறோம்னு 16 நாள் பூட்டினீங்க, ஒபாமாகேர் நிக்கல. 2018ல டிரம்ப் மெக்சிகோ எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டார், 35 நாள் கழிச்சு வந்த பில்லுல இருந்தது 137.5 கோடி, மிச்சத்துக்கு எமர்ஜென்சி அறிவிச்சு வேற கணக்குல இருந்து எடுக்க வேண்டியதாப் போச்சு. 2025ல டெமாக்ரட்டுங்க ஹெல்த் இன்சூரன்ஸ் மானியம் வருஷக் கடைசியில முடியப் போகுது, அத நீட்டணும்னு நின்னாங்க, கோரிக்கைய பத்தி எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் பிரீமியம் ஏறின லெட்டர காட்டினப்போ எனக்கே வயிறு கலங்குச்சு, ஆனா 43 நாளுக்கு கிடைச்சது டிசம்பர்ல ஒரு ஓட்டெடுப்பு நடத்தறோம்ங்கற வாக்குறுதி, ஓட்டெடுப்பு நடந்துச்சு, செனட்ல தேவையான 60 ஓட்டு வரல, தோத்துச்சு. அப்போ இந்த ஆயுதத்த எடுத்தவங்க யாருமே ஜெயிக்கலையே சாமி, வெட்டுப்பட்டவங்க மட்டும் பேன்ட்ரி வரிசையில நின்னாங்க.

நீங்க சொல்வீங்க, "ஐயா, நாட்டுல பிளவு அதிகமாயிடுச்சு, முன்ன மாதிரி இல்ல, எதிர்க் கட்சிக்காரனோட ஒத்துப் போனா எங்க கட்சிக்குள்ள வேட்பாளர தேர்ந்தெடுக்கற பிரைமரியிலயே எங்கள காலி பண்ணிடுவாங்க"ன்னு. பிரைமரி பயம் நிஜம், ஒத்துக்கறேன். ஆனா பிளவு அதிகம்ங்கறதால சேர்ந்து வேலை செய்ய முடியாதுங்கறத ஒத்துக்க மாட்டேன், ஏன்னா நான் எலெக்ஷன் நாள்ல போல் ஒர்க்கரா உட்கார்றவன்.

நியூ ஜெர்சியில ஒரு ஓட்டுச்சாவடி போர்டுல ரெண்டு பெரிய கட்சியிலருந்தும் சரிபாதியா ஆள் போடணும். காலையில 6 மணிக்கு ஓட்டு ஆரம்பம், ராத்திரி 8 மணி வரைக்கும், நாங்க அதுக்கு முன்னாடியே இருட்டோட போய் ஸ்கூல் ஜிம்முல கேபிள இழுத்து மெஷின ஏத்தணும். என் பக்கத்துல உட்கார்றவர் ரிட்டையர் ஆன பிளம்பர், பழுத்த ரிபப்ளிகன், டிரம்ப பத்தி அவருக்கும் எனக்கும் பேச்சு வந்தா அந்த ஜிம் தாங்காது, அதனால பேஸ்பால பத்தி பேசுவோம், எனக்கு அதுவும் புரியாது. ஆனா மெஷின்ல பூஜ்யம்னு காட்டற டேப் வந்ததும் அவர் கையெழுத்துக்குப் பக்கத்துல என் கையெழுத்து, அது இல்லாம கதவு திறக்காது.

ஒரு தடவை ஒரு பாட்டி வந்தாங்க, திருச்சிப் பக்கம், மகன் கூட வரல, இங்கிலீஷ் படிக்க வராது. உதவி கேட்டா அவங்களுக்கு வேண்டியவங்க யாராவது கூடப் போகலாம், அப்படி யாரும் இல்லைன்னா போர்டுல இருந்து ஆளுக்கொரு கட்சியா ரெண்டு பேர் சேர்ந்து தான் போகணும், தனியா போகக் கூடாது. பிளம்பர் ஐயாவும் நானும் போனோம். நான் தமிழ்ல பேர படிக்கப் படிக்க அவர் விரல வச்சு ஒவ்வொரு வரியா காட்டிக்கிட்டே வந்தார், நான் எதையும் விடலைங்கறதுக்கு. பாட்டி யாருக்குப் போட்டாங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேரும் வெளிய சொல்ல மாட்டோம். வெளிய வந்ததும் பாட்டி "அந்த வெள்ளைக்காரத் தம்பி நல்ல பொறுமைப்பா"ன்னாங்க. தம்பிக்கு எழுபது தாண்டியிருக்கும்.

ராத்திரி கணக்கு முடிக்கும்போது ஒரு வருஷம் கையெழுத்துப் போட்டவங்க எண்ணிக்கைக்கும் மெஷின் எண்ணிக்கைக்கும் ஒண்ணு இடிச்சுது. ஒண்ணே ஒண்ணு தான். பதினஞ்சு மணி நேரம் உட்கார்ந்த இடுப்பு கழண்டு விழற நேரத்துல நாலு பேரும் மறுபடி முதல்ல இருந்து பாத்தோம், கடைசியில சாயங்காலம் கையெழுத்துப் போட்டுட்டு குழந்தை அழுதுன்னு ஓட்டுப் போடாமலே கிளம்பிப் போன ஒரு அம்மா ஞாபகம் வந்துச்சு, குறிச்சோம், நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம், கிளம்பினோம். அந்த ஒரு ஓட்டு எந்தக் கட்சிக்கு போயிருக்கும்னு யாரும் கேக்கல. நாங்க மகான்கள்ங்கறதால இல்ல. கணக்கு சரியாகாம வீட்டுக்குப் போக முடியாது, அதனால.

என் முழு வாதமும் இது தான், வேற ஒண்ணும் இல்ல. நீங்க ஒத்துழைப்புன்னா அது ஏதோ நல்ல மனசு, பெருந்தன்மை, பழைய காலத்து ஜென்டில்மேன் குணம்னு பேசறீங்க, பிரேக்ஃபாஸ்ட் பிரேயர் மீட்டிங்ல அதப் பத்தி ஸ்பீச் குடுக்கறீங்க. எங்களுக்கு உங்க மனசு வேண்டாம். கணக்கு முடிக்காம கிளம்ப முடியாதுன்னு ஒரு விதி உங்களுக்கும் இருந்தா போதும்.

பழைய காலம்னு பேசறதால 1983 கதையையும் எடுத்துக்கறேன், ஏன்னா அது அடிக்கடி "ரிபப்ளிகன் ஜனாதிபதி ரீகனும் டெமாக்ரட் சபாநாயகர் டிப் ஓ'நீலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஃபிரெண்ட்ஸ்"ங்கற மாதிரி இனிப்பு தடவி சொல்லப்படுது. நடந்தது அப்படி இல்ல. ரிட்டையர் ஆனவங்களுக்கு பென்ஷன் குடுக்கற சோஷியல் செக்யூரிட்டில பணம் வறண்டுக்கிட்டு வந்துச்சு, 1983 கோடையில பெரியவங்களுக்கு செக் நேரத்துக்குப் போகாதுங்கற நிலைமை. பொருளாதார நிபுணர் கிரீன்ஸ்பான் தலைமையில போட்ட கமிஷன் மாசக்கணக்கா பேசி ஒண்ணும் ஆகாம முடங்கிப் போச்சு. 1983 ஜனவரி ஆரம்பத்துல செனட் சபைக்குள்ள வச்சு நியூயார்க் டெமாக்ரட் மொய்னிஹானும் கான்சஸ் ரிபப்ளிகன் பாப் டோலும் இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பாப்போமான்னு பேசிக்கிட்டாங்க, அப்புறம் சின்னக் கூட்டமா வெள்ளை மாளிகை ஆளுங்களோட, ரீகனோட சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஜேம்ஸ் பேக்கர் வீட்டுல உட்கார்ந்தாங்க, டிவி கேமரா கண்ணுல படாம. ரெண்டு பக்கமும் கசப்ப முழுங்கினாங்க. ரிபப்ளிகன்கள் வரிய சீக்கிரமே ஏத்தறதுக்கும், வசதியானவங்க வாங்கற பென்ஷன்ல ஒரு பகுதிக்கு வரி போடறதுக்கும் தலையாட்டினாங்க. டெமாக்ரட்டுங்க விலைவாசிப் படிய ஆறு மாசம் தள்ளிப் போடறதுக்கு ஒத்துக்கிட்டாங்க, ரிட்டையர்மென்ட் வயச 65ல இருந்து 67க்கு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறது அப்புறம் ஹவுஸ்ல சேர்ந்துச்சு, அது ஓ'நீலுக்குப் பிடிக்கவே இல்ல. ஏப்ரல் 20ம் தேதி ரீகன் கையெழுத்துப் போட்டார், ஓ'நீல் பக்கத்துல இருந்தார். தப்பிச்சா ரெண்டு கட்சியும் சேர்ந்து தப்பிக்கணும், அடி விழுந்தா ரெண்டு பேருக்கும் விழணும், அந்த ஏற்பாடு இருந்ததால நடந்த காரியம் அது, ஆறு மணிக்கு மேல வந்த பாசத்தால இல்ல. அந்த ஃபண்டு மறுபடி 2033 வாக்குல வறண்டுடும்னு உங்க டிரஸ்டிகளே 2025ல எழுதிக் குடுத்திருக்காங்க, அப்போ நாங்க எல்லாம் ரிட்டையர்மென்ட் வாசல்ல நிப்போம். இப்போ இருக்கற நிலைமையில உங்கள்ல எந்த ரெண்டு பேர் அந்தப் பேச்ச ஆரம்பிப்பீங்கன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்.

சாண்டி புயலையும் சொல்லாம விட முடியாது, நாங்க ஜெர்சிக்காரங்க. 2012 அக்டோபர் 29. கரன்ட் போய் எங்க தெருவே இருட்டு, குளிருல போர்வைக்குள்ள கிடந்து, வாரம் போய் தெருமுனையில தெற்கு மாநிலத்து நம்பர் பிளேட்டோட கரன்ட் லைன் ரிப்பேர் பண்ற ஒரு பக்கெட் டிரக் வந்து நின்னப்போ தெருவே கை தட்டுச்சு. அவங்க ஊர்ல புயல்னா நம்ம ஊர் ஆளுங்க போவாங்க, நமக்குன்னா அவங்க வருவாங்க, அதுக்கு கம்பெனிகளுக்குள்ள ஒப்பந்தம் முன்னாடியே எழுதி இருக்கு, மாநிலங்களுக்குள்ள அதே மாதிரி ஒப்பந்தத்துக்கு நீங்களே 1996ல ஒப்புதல் குடுத்திருக்கீங்க. எலெக்ஷனுக்கு ஒரு வாரம் கூட இல்லாத நேரத்துல ஒபாமா வந்து எங்க ரிபப்ளிகன் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டியோட கடற்கரையில சுத்திப் பாத்தார், கிறிஸ்டிய அவர் கட்சியிலயே வறுத்து எடுத்தாங்க.

உங்ககிட்ட வந்தப்போ என்ன ஆச்சு? 2013 ஜனவரி 1ம் தேதி ராத்திரி ஹவுஸ் சபாநாயகர் பேய்னர் உதவிப் பணத்துக்கான ஓட்டெடுப்பையே எடுக்காம விட்டார், அடுத்த நாள் கிறிஸ்டி டிவியில வந்து சொந்தக் கட்சி சபாநாயகர வெளுத்து வாங்கினத பாத்து எங்க ஊர் டெமாக்ரட்டுங்க கூட கை தட்டினாங்க. பெரிய தொகை, 5,050 கோடி டாலர், ஜனவரி 29 தான் கையெழுத்தாச்சு, புயல் அடிச்சு மூணு மாசம். டெக்சாஸ் ரிபப்ளிகன்கள் பெரும்பாலும் அதுக்கு எதிரா நின்னாங்க. அப்புறம் 2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல் டெக்சாஸ் தலையில இறங்குச்சு. இப்போ பழிக்குப் பழின்னு நியூயார்க் நியூ ஜெர்சி மெம்பர்ஸ் நின்னிருக்கலாம். லாங் ஐலண்ட் ரிபப்ளிகன் பீட்டர் கிங் வெளிப்படையாவே சொன்னார், அவங்க எங்களுக்கு எதிரா போட்டாங்க, ஆனாலும் நாங்க டெக்சாஸ கைவிட மாட்டோம்னு. ரெண்டு வாரத்துக்குள்ள, செப்டம்பர் 8ம் தேதி, முதல் தவணை கையெழுத்தாயிடுச்சு. கிங்கோட மத்த அரசியல் எனக்கு ஒத்து வராது, அன்னிக்கு அந்த ஆளுக்கு மனசார ஒரு சல்யூட் வச்சேன். ஆனா ஒவ்வொரு புயலுக்கும் ஒரு பீட்டர் கிங் வேணும்னா அது கவர்மென்ட் இல்ல, அதிர்ஷ்டம்.

உங்களுக்கு வழி தெரியாதுன்னும் சொல்ல முடியாது, 2019ல நீங்களே ஹவுஸ நவீனப்படுத்தறதுக்குன்னு ஒரு கமிட்டி போட்டீங்க. ஆறு டெமாக்ரட், ஆறு ரிபப்ளிகன், மூணுல ரெண்டு பங்கு ஒத்துக்கிட்டா தான் ஒரு பரிந்துரை போகும். வாஷிங்டன் மாநிலத்து டெரெக் கில்மர் தலைவர், ரிபப்ளிகன் பக்கம் முதல்ல ஜார்ஜியா டாம் கிரேவ்ஸ், அப்புறம் சவுத் கரோலினா வில்லியம் டிம்மன்ஸ். மத்த கமிட்டியில மேடை போட்டு இந்தப் பக்கம் ஒரு கட்சி அந்தப் பக்கம் ஒரு கட்சின்னு உட்கார்ந்து சாட்சிக்கு மேல இருந்து கத்துவீங்க, இவங்க ஒரே டேபிள சுத்தி மாத்தி மாத்தி உட்கார்ந்தாங்க, பக்கத்து சீட்டு எப்பவும் எதிர்க் கட்சி, சந்தேகம் வந்தா காதுல கேட்டுக்கறது அவங்ககிட்ட தான். ஸ்டாஃப கூட ரெண்டா பிரிக்காம ஒண்ணா வச்சாங்க. நாலு வருஷத்துல 202 பரிந்துரை. அதுல நிறைய கம்ப்யூட்டர், ஸ்டாஃப் சம்பளம், ஹவுஸ் காலண்டர்னு சுவாரஸ்யமே இல்லாத விஷயம், அதனால தான் டிவியில வரல. திங்கக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கி வியாழக்கிழமை மத்தியானம் ஏர்போர்ட்டுக்கு ஓடற வாரத்துல ஒருத்தர ஒருத்தர் எப்படி தெரிஞ்சுக்குவீங்கன்னு அந்தக் கமிட்டியே கேட்டுச்சு. நல்ல கேள்வி.

இப்போ நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ஓக்லஹோமா ரிபப்ளிகன் செனட்டர் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்டும் நியூ ஹாம்ப்ஷயர் டெமாக்ரட் செனட்டர் மேகி ஹாசனும் சேர்ந்து 2019ல இருந்து திரும்பத் திரும்பக் கொண்டு வர்ற ஷட்டவுன் தடுப்பு பில் ஒண்ணு உங்க அலமாரியில தூங்குது. பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்ல. அக்டோபர் 1 வந்தும் பட்ஜெட் பில் முடியலைன்னா பழைய அளவுலயே 14 நாள் 14 நாளா பணம் தானா ஓடிட்டு இருக்கும், எந்த ஆபீஸும் மூடாது. ஆனா நீங்க அரசாங்க காசுல ஊருக்குப் போக முடியாது, பிரச்சாரக் காசையும் அந்தப் பயணத்துக்கு தொட முடியாது, பட்ஜெட்ட தவிர வேற பில்ல எடுக்க முடியாது, தினமும் வந்து ஆஜர் குடுக்கணும், சனி ஞாயிறு சேர்த்து. புரியுதா, எங்க ஓட்டுச்சாவடி விதி தான், கணக்கு முடியாம கிளம்பக் கூடாது.

இதுக்கு எதிர்வாதம் இருக்கு, இல்லைங்கல. பணம் தானா ஓடினா யாருக்கு அவசரம், பழைய பட்ஜெட்டே வருஷக்கணக்கா ஓடும், புது வேலைக்கு ஒண்ணும் ஒதுக்க முடியாது, செலவ குறைக்கணும்ங்கறவனுக்கும் ஏத்தணும்ங்கறவனுக்கும் ரெண்டு பேருக்கும் நட்டம்னு பட்ஜெட் கமிட்டிக்காரங்க சொல்றாங்க. இன்னொண்ணு, சிறுபான்மைக் கட்சிக்கு, அதாவது சபையில ஆள் குறைவா இருக்கற கட்சிக்கு, பிடிமானமே இந்தத் தேதி தான், அதையும் பிடுங்கிட்டா அவங்கள யார் மதிப்பாங்கன்னு. முதல் வாதத்துக்கு என் பதில், இப்போ மட்டும் என்ன வாழுதாம், 1970கள்ல இந்த பட்ஜெட் முறை வந்ததுல இருந்து எல்லா பில்லையும் நேரத்துக்கு முடிச்சது நாலே நாலு நிதியாண்டுக்கு தான், 1977, 1989, 1995, 1997. அதுக்கப்புறம் பொறந்த பிள்ளைங்க உங்க ஆபீஸ்ல ஸ்டாஃபா வேலை பாக்கறாங்க. ரெண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது, அதுக்கு எனக்கு முழு பதில் இல்ல, ஆனா செனட்ல 60 ஓட்டு விதி இருக்கற வரைக்கும் புது பட்ஜெட்டுக்கு சிறுபான்மைக் கட்சிய கேட்டுத் தான் ஆகணும், அந்தப் பிடி எங்கயும் போகல. போறது என்னன்னா, டவர்ல இருக்கறவரோட மாசச் சம்பளத்த பணயம் வைக்கற பிடி மட்டும் தான். அது போகட்டுமே.

அந்த பில்ல அலமாரியில இருந்து எடுத்து ரெண்டு சபையிலயும் பேர் சொல்லி ஓட்டெடுப்புக்கு விடுங்க. வாய்ஸ் ஓட்டு வேண்டாம். வேண்டாம்னு ஓட்டுப் போடறவங்க போடுங்க, தாராளமா போடுங்க, உங்க தொகுதியில இருக்கற டிஎஸ்ஏ ஆளுங்களுக்கும் கன்ட்ரோலர்களுக்கும் ஏன்னு மட்டும் ஒரு லெட்டர் எழுதிடுங்க, அவங்க கேட்ட விஷயத்துக்கே பதில் இருக்கற மாதிரி. படிக்கற எங்க சனங்களுக்கு: கேபிடல் ஸ்விட்ச்போர்டு நம்பர் நெட்லயே இருக்கு, உங்க ஜிப் கோட சொன்னா உங்க மெம்பர் ஆபீஸுக்கு போட்டுக் குடுப்பாங்க, போன எடுக்கற பிள்ளைகிட்ட கோபப்படாம "லாங்க்ஃபோர்டு ஹாசன் பில்லுக்கு உங்க மெம்பர் ஆதரவா எதிர்ப்பா"ன்னு ஒரே கேள்வி கேளுங்க, செக் பண்ணி சொல்றேன்னு சொன்னா என்னிக்குன்னு கேட்டு தேதிய எழுதிக்கோங்க.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு ஓட்டர், எலெக்ஷன் அன்னிக்கு போல் ஒர்க்கர்